அமுலு தள்ளிவிட்ட ஏணை

எறிந்த கல் கீழே விழும், ஆட்டிவிட்டது ஆடி ஆடி நிற்கும், சுவரைக் குத்தினால் கைதான் வலிக்கும் என்பதெல்லாம் இன்றைக்குத் தவழ்கிற பிள்ளைக்கும் தெரியும். ஆனால் இதெல்லாம் எந்த இடத்தில், யார் கையால் முடிவாயிற்று என்று கேட்டால், கொசத்தலை ஆற்றங்கரையில் செங்கல் அறுக்கிற சனங்கள் யோசிக்கவே மாட்டார்கள். சூளைக்குத் தெற்கே, சேறு மிதிக்கிற குழிக்குப் பக்கத்தில், ஒரு கிளை மட்டும் தாழ்ந்து நீட்டிக்கொண்டிருக்கிற புங்கமரத்தைக் காட்டுவார்கள். "அங்கதான். அமுலு ஏணை கட்டினாளே, அந்தக் கிளையிலதான்" என்பார்கள், நேற்று நடந்த மாதிரி.

அமுலு அதிகம் பேசுகிறவள் இல்லை. தை மாசத்தில் புருஷன் ஏகாம்பரத்தோடு லாரியில் வந்து இறங்கியபோது இடுப்பில் ஐந்து மாதப் பெண் குழந்தை, தலையில் சட்டி பானை, யார் பேர் கேட்டாலும் குனிந்துகொண்டு புருஷனைப் பார்ப்பாள். பக்கத்துக் களத்தில் கல் அறுக்கிற கன்னியம்மா, சூளை முழுக்கத் தன் வாயாலேயே மேய்க்கிறவள், மூணு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நாலாம் நாள் கேட்டேவிட்டாள். "ஏகாம்பரம், உம் பொண்டாட்டிய எந்தக் கடையில வாங்கின? சத்தமே வரல. மாத்திக் குடுக்கச் சொல்லுப்பா." அமுலு அதற்கும் சிரிக்கவில்லை. அவள் கண் புங்கமரத்துக் கிளையில் தொங்குகிற சேலை ஏணை மேலேயே இருந்தது.

காரணம் இருந்தது. அவளுக்கு இது இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளை ஆண். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு சூளையில், இதே நீலச் சேலையில் ஏணை கட்டி, அதில் அவனைப் போட்டு ஆட்டிவிட்டுப் போய், ஒரு வரிசை கல் அறுத்துவிட்டு வந்து பார்த்தபோது ஏணை நின்றிருந்தது. கொத்தனார் தூக்குக்குண்டு விட்ட மாதிரி கோணாமல், அசையாமல், நேராக நின்றிருந்தது. உள்ளே பிள்ளையும் நின்றுபோயிருந்தான். ஆசுபத்திரியில் என்னென்னவோ சொன்னார்கள், அவள் காதில் எதுவும் ஏறவில்லை. அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: ஏணை ஆடின வரைக்கும் பிள்ளை இருந்தான், நின்றபோது இல்லை. ஏரிக்கரையில் குழி வெட்டிக் கொடுத்தார்கள், மண் வாங்கிக்கொண்டது. அன்றிலிருந்து அவளுக்கு மண்ணைக் கண்டால் பயம். மண்ணையே மிதித்து, மண்ணையே பிசைந்து, மண் ஒட்டின கையாலேயே சோறு தின்கிறவளுக்கு மண் மேல் பயம் வந்தால் அது எப்படிப்பட்ட பயமாக இருக்கும்.

ஆகையால் இந்தப் பிள்ளையை அவள் தரையில் விட்டதே இல்லை. பத்துக் கல் அறுப்பாள், ஓடிப்போய் ஏணையைத் தள்ளிவிடுவாள், ஓடிவந்து பத்துக் கல் அறுப்பாள், மறுபடி ஓடுவாள். மேஸ்திரி துளசிங்கம் குடையை ஊன்றிக்கொண்டு நின்று பார்ப்பார். "ஏம்மா, நீ கல் அறுக்க வந்தியா, கபடி ஆட வந்தியா?" என்பார். இனிமேல் கஞ்சி நேரத்தில் மட்டும்தான் மரத்துக்கிட்டே போகலாம் என்று மாசி மாசம் ஒரு காலையில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு அவள் பிள்ளையை ஏணையில் போட்டு, இரண்டு கையாலும் தள்ளிவிட்டு, அது திரும்பி வந்தபோது துணியில் வாயை வைத்து, பிள்ளைக்குச் சொல்லவில்லை, ஏணைக்குச் சொன்னாள்: "நிக்காத. இன்னா ஆனாலும் நிக்காத."

ஏணை நிற்கவில்லை.

முதல் வரிசை கல் முடிந்தபோது ஆடிக்கொண்டிருந்தது. யாரோ ஆட்டிவிட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டாவது வரிசை முடிந்தபோதும் ஆடிக்கொண்டிருந்தது. காற்றுதான் என்று ஏகாம்பரம் நினைத்தான், ஆனால் புங்க இலை ஒன்றுகூட அசையவில்லை. கஞ்சி நேரத்தில் அவள் ஓடிவந்தபோது, காலையில் தள்ளிவிட்ட அதே வீச்சில், அந்தப் பக்கம் ஒரு ஆள் உயரம், இந்தப் பக்கம் ஒரு ஆள் உயரம் என்று போய்வந்துகொண்டிருந்தது, உள்ளே பிள்ளை கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. ஏணை ஒவ்வொரு பக்கமும் உச்சிக்குப் போனதும், போவதா திரும்புவதா என்று அரை மூச்சு நேரம் நின்று யோசிக்கும். அந்த அரை மூச்சில் கையை விட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். மடியில் போட்டுப் பால் கொடுத்தாள். ஏணை தன் பாட்டுக்கு ஆடியது.

கஞ்சித் தூக்கோடு வந்த கன்னியம்மா அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். அவள் அதிசயத்தைப் பார்க்கவில்லை, வேறொன்றைப் பார்த்தாள்.

"அடியே, வெறும் ஏணை ஆடுதுடி. வெறும் ஏணை ஆடினா புள்ளைக்கு வயித்த வலிக்கும். புடிச்சு நிறுத்து."

அமுலு கையை நீட்டவில்லை. ஏகாம்பரம்தான் எழுந்துபோய் இரண்டு கையாலும் சேலையைக் கட்டிப் பிடித்தான். ஏணை அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. கால் ஊன்றி முழு பலத்தோடு எதிரே தள்ளினான், எவ்வளவு தள்ளினானோ அவ்வளவும் அவன் மேலேயே திரும்பி வந்து, சேற்றுக்குழியில் உட்காரவைத்தது. இன்னும் இரண்டு பேர் வந்து தள்ளிப் பார்த்தார்கள், அவர்களும் குழியில் அவனுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். "அது உங்கள ஒண்ணும் பண்ணல. நீங்க குடுத்தத உங்களுக்கே திருப்பிக் குடுக்குது" என்றாள் கன்னியம்மா. சொல்லிக்கொண்டே தன் குடிசைக்கு ஓடி, அம்மிக் குழவியைக் கழுவி, மஞ்சள் தடவி, குழந்தையைத் தூக்கிவருகிற மாதிரி மார்போடு அணைத்துக் கொண்டுவந்து, ஏணை உச்சியில் யோசிக்கிற அந்த அரை மூச்சில் உள்ளே படுக்கவைத்தாள். அப்புறம்தான் எல்லாருக்கும் மூச்சு வந்தது. ஏணை ஏன் நிற்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அது ஆடிவிட்டுப் போகட்டும், வெறுமனே ஆடக்கூடாது, அன்றைக்குச் சூளையில் இருந்த ஒரே கவலை அதுதான்.

மூன்றாம் நாள் அமுலுவுக்கு மட்டும் ஒன்று தெரிந்தது. எல்லாரும் கல் அடுக்கப் போயிருந்த நேரத்தில், சும்மா, பாசத்தில், ஆடிவருகிற ஏணையின் அடியில் உள்ளங்கையை வைத்தாள். ஏணை அவளைத் தள்ளவில்லை. கூப்பிட்ட குரலுக்கு நாய்க்குட்டி தலையைத் தாழ்த்துகிற மாதிரி வேகத்தைத் தாழ்த்தியது. இன்னொரு தடவை கை வைத்தால் நின்றுவிடும். அவள் சூடு பட்ட மாதிரி கையை இழுத்துக்கொண்டாள். அதை யாரிடமும் சொல்லவில்லை, ஏகாம்பரத்திடம்கூட.

சூளை அதற்குப் பழகிப்போனது. ஒன்பது பிள்ளைகள் இருந்தன, எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த ஏணையில் முறை வந்தது. ராத்திரியெல்லாம் கத்துகிற பிள்ளை அதில் படுத்த மாத்திரத்தில் தூங்கியது, மாந்தம் கண்ட பிள்ளைக்கு மாந்தம் இறங்கியது. யாரும் இல்லாத நேரத்தில் குழவி படுத்துக்கொண்டது. மூன்று ஆட்டத்துக்கு ஒரு கல் என்று கன்னியம்மாதான் முதலில் கை பழகினாள், பிறகு அவளைப் பார்த்து அடுத்த களம், அதைப் பார்த்து அடுத்தது, பங்குனி பிறப்பதற்குள் சூளையே ஏணைக்குத் தக்கபடி மண்ணை உருட்டி, அச்சில் அடித்து, தரையில் கவிழ்த்தது. உள்ளே ஐந்து மாதப் பிள்ளை இருந்தாலும், மூணு வயசுத் தடியன் இருந்தாலும், கல் குழவி இருந்தாலும் ஏணை போய்வருகிற நேரம் மாறவில்லை என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தார்கள். கனத்தை அது சட்டையே செய்யவில்லை.

ஏணை சீக்கிரம் ஆடினால் கல்லும் சீக்கிரம் விழுமே என்று மேஸ்திரி ஒரு கணக்குப் போட்டார். பிள்ளையை எடுத்துவிட்டு, குழவியைப் போட்டு, நாலு ஆம்பிளைகளை விட்டுத் தள்ளச் சொன்னார். ஏணை புங்கம்பூவெல்லாம் கொட்ட, கிளையின் உயரத்துக்கே போனது. ஆனால் கன்னியம்மா கை வேகம் பிடிக்கவில்லை, மூன்று ஆட்டத்துக்கு அதே ஒரு கல்தான்.

"தூரமா போனா வேகமா போவுது மேஸ்திரி, கிட்டப் போனா மெதுவா போவுது. வந்து சேர்ற நேரத்த மட்டும் மாத்த மாட்டேங்குது. எங்க வூட்டுக்காரரு மாதிரி. கடை தெருமுனையில இருந்தாலும் சரி, திருவள்ளூர்ல இருந்தாலும் சரி, வூட்டுக்கு வர்ற நேரம் ஒண்ணுதான்."

சாயந்தரத்துக்குள் ஏணை தானாகவே பழைய வீச்சுக்கு வந்துவிட்டது. மேஸ்திரி குடையை மடக்கிக்கொண்டு போனார். அதற்கப்புறம் அவரும் ஏணையைத் தாண்டிப் போகிறபோது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார், ஏன் என்று கேட்டால் சேறு ஒட்டும் என்பார்.

சூளைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வாரத்தில் மூணு நாள் ஸ்கூட்டியில் வருகிற ரெபேக்கா டீச்சர் மட்டும் சும்மா இருக்கவில்லை. செல்போனில் நேரம் பார்த்தாள், நோட்டில் எழுதினாள், கயிறு கட்டின முடிச்சை ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தாள். "நின்னுருக்கணும்க்கா" என்றாள் கன்னியம்மாவிடம். "காத்து தடுக்கணும். கயிறு கிளையில உரசணும். கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சு நின்னுருக்கணும்."

"காத்துக்கும் கயித்துக்கும் அத யாரு சொல்றது டீச்சர்? யாரும் சொல்லலன்னா அதுங்களுக்கு எப்படித் தெரியும்?"

டீச்சர் பையிலிருந்து ஒரு பாடப் புத்தகத்தை எடுத்து, நகர்கிற பொருள் வெளியிலிருந்து எதுவும் தடுக்காத வரைக்கும் நகர்ந்துகொண்டே இருக்கும் என்று ஒரு வரி வாசித்தாள். ஒரு பொருளை நீ எவ்வளவு தள்ளுகிறாயோ அவ்வளவு அது உன்னைத் தள்ளும் என்று இன்னொரு வரி வாசித்தாள். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இத எழுதினவரு நம்ம சூளைக்கு எப்ப வந்துட்டுப் போனாரு?" என்று கன்னியம்மா கேட்டாள். அப்போதுதான், வந்து மூணு மாதத்தில் முதல் தடவையாக, அமுலு புருஷன் முகத்தைப் பார்க்காமல் வாயைத் திறந்தாள்.

"டீச்சர். மேல போனது ஏன் திரும்பி வருது?"

"மண்ணு இழுக்குதுக்கா. இந்தப் பூமி இருக்குல்ல, அது எல்லாத்தையும் தன் பக்கம் இழுத்துக்கிட்டே இருக்கும். ஒண்ணையும் விடாது."

அமுலு பிள்ளையை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றித் தோளில் போட்டுக்கொண்டாள். ஏரிக்கரை ஞாபகம் வந்தது. அப்படியானால் அன்றைக்கும் இதுதான் இழுத்திருக்கிறது. இப்போதும் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஏணை ஒவ்வொரு தடவை கீழே வருகிறபோதும் மண் கையை நீட்டுகிறது, ஏணை பிடிகொடுக்காமல் ஓடி அந்தப் பக்கம் ஏறிவிடுகிறது, அவ்வளவுதான் விஷயம் என்று அவள் முடிவுகட்டினாள். அன்று முழுக்க ஒவ்வொரு ஆட்டத்திலும் ஏணை அடியைத் தாண்டுகிறபோது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனி மாசம் மேற்கே மேகம் கட்டியது. கடைசிச் சூளை வெந்து ஆறிவிட்டது, மழை விழுந்தால் பச்சைக் கல் கரைந்துபோகும், இனி தை வரைக்கும் வேலை இல்லை. மறுநாள் மத்தியானம் லாரி வரும், எல்லாரும் மூட்டை கட்டுங்கள் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். மூட்டை கட்டினார்கள், அடுப்புக் கல்லைத் தட்டினார்கள், கோழியைக் கூடையில் கவிழ்த்தார்கள். மறுநாள் காலையில்தான் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்து புங்கமரத்தடியில் கூடினார்கள்.

ஏணையை என்ன செய்வது?

வெறுமனே ஆடவிட்டுப் போக முடியாது. இத்தனை மாதம் ஒன்பது பிள்ளைகள் படுத்த ஏணை, ஒன்பது வயிறும் வலிக்கும். "கொழவிய உள்ள போட்டுட்டுப் போலாமே" என்றார் மேஸ்திரி.

"போலாம். ஊர்ல போய் நான் உங்க தலையிலயா மொளகா அரைக்கிறது?" என்றாள் கன்னியம்மா.

"கயித்த அறுத்துட்டா?" என்றான் ஏகாம்பரம்.

"அறுத்தா போற பக்கமே போயிரும்பா. அப்புறம் யாரு இழுத்துட்டு வர்றது? ஆத்தத் தாண்டி, ரயில் ரோட்டத் தாண்டி, போனது போனதுதான், இந்தப் பக்கம் திரும்பியே பாக்காது."

கன்னியம்மா இதைச் சும்மாதான் சொன்னாள். அமுலு ஏணையையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே அவள் பிள்ளை, இப்போது பத்து மாதம், இரண்டு பல் முளைத்தது, தூங்கிக்கொண்டிருந்தது. ஏணை அந்தப் பக்கம் உச்சிக்குப் போய் அரை மூச்சு யோசித்தது. திரும்பியது. வந்தது. திரும்பி வந்தது.

யார் இழுத்துக்கொண்டு வருகிறார்கள்?

மண் இழுக்கவில்லையென்றால், அந்த மாசி மாசக் காலையில் அவள் இரண்டு கையாலும் தள்ளிவிட்டாளே, அந்த முதல் தள்ளிலேயே ஏணை எழும்பிப் போயிருக்கும். நிக்காத என்று அவள் சொன்ன சொல்லைக் கேட்டுக்கொண்டு, மரத்தைத் தாண்டி, மேகத்தைத் தாண்டி, நட்சத்திரம் இருக்கிற இடத்தையும் தாண்டி, பிள்ளையோடு போய்க்கொண்டே இருந்திருக்கும், ஒரு தடவைகூட அவள் பக்கம் வந்திருக்காது. வந்ததெல்லாம் மண் கூப்பிட்டு வந்தது. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை, சலிக்காமல், வா வா என்று கூப்பிட்டு, பிள்ளையை அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் கொண்டுவந்து விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அவள்தான் வாங்கிக்கொள்ளவில்லை.

"தள்ளினவ கையில நிக்குமோ என்னமோ" என்றாள் கன்னியம்மா, அவளைப் பார்க்காமல். அவளுக்கு முன்பே தெரியுமோ என்னவோ.

"நிக்கும்க்கா" என்றாள் அமுலு. "எனக்குத் தெரியும். நின்னா..."

ஏகாம்பரம் பக்கத்தில் வந்து நின்றான். நின்றால் என்ன என்று அவனுக்கும் தெரியும், ஏரிக்கரையில் குழி வெட்டினவர்களில் அவனும் ஒருவன். "நான் புடிச்சா என்னத் தள்ளிருது அமுலு" என்றான். "இல்லன்னா நானே புடிச்சிருவேன்."

"நீங்க என் பின்னால நில்லுங்க மாமா. அது போதும்."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் தரையில் அழுத்தி ஊன்றினாள். ஏணை வந்தபோது உள்ளங்கையை அடியில் கொடுத்தாள், கூடவே இரண்டு எட்டு போனாள், கூடவே இரண்டு எட்டு வந்தாள். மறுபடி கொடுத்தாள். "போதும்" என்றாள், யாருக்கும் கேட்காத குரலில். "போதும்மா. நிக்கலாம். மெதுவா நில்லு."

மாசியிலிருந்து ஆனி வரைக்கும் ஆடின அத்தனை ஆட்டமும் அவள் கைக்குள் இறங்கியது. உள்ளங்கையிலிருந்து முழங்கைக்கு, தோளுக்கு, நெஞ்சுக்கு, வயிற்றுக்கு, தொடை வழியாகப் பாதத்துக்கு இறங்கி, பாதத்திலிருந்து மண்ணுக்குப் போனது. மண் வாங்கிக்கொண்டது. களத்தில் அடுக்கியிருந்த கல்லெல்லாம் ஒன்றோடொன்று மோதி, பல் நறநறக்கிற மாதிரி சத்தம் போட்டன. சேற்றுக்குழித் தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. கூடைக்குள் கோழி எழுந்து நின்றது. பூமி ஒரு நெல்மணி அகலம் தள்ளி உட்கார்ந்தது என்று அன்றைக்கு அங்கே நின்ற எல்லாரும் சொல்வார்கள், காலடியில் தங்களுக்கே தெரிந்ததாகச் சொல்வார்கள்.

ஏணை நின்றது. தூக்குக்குண்டு விட்ட மாதிரி, கோணாமல், அசையாமல், நேராக.

அமுலு கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஏகாம்பரத்தின் மூச்சு அவள் பிடரியில் பட்டது, அதுவும் பாதியில் நின்றது.

"பாருடி" என்றாள் கன்னியம்மா. "தொறந்து பாரு."

அமுலு சேலையின் விளிம்பை இரண்டு விரலால் விலக்கினாள். பிள்ளை விழித்திருந்தது. மேலே புங்க இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறந்து பத்து மாதத்தில் பாதி நாள் அந்த இலைகள் அதற்கு ஓடிக்கொண்டேயிருந்தன, இப்போதுதான் முதல் தடவையாக ஒரே இடத்தில் நின்றன. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தது. பிறகு அம்மா முகத்தைப் பார்த்தது. அப்புறம், எவள்டி நிறுத்தினது என்கிற மாதிரி, வாயைப் பிளந்து, இரண்டு பல்லும் தெரிய, காலை உதைத்துக்கொண்டு, கோபமாக அழுதது.

அந்தச் சத்தத்தில் ஏகாம்பரம் தரையில் உட்கார்ந்துவிட்டான். இந்தத் தடவை யாரும் தள்ளவில்லை.

அன்றைக்கு அமுலு மெதுவாகச் சொன்ன சொல் காற்றின் காதிலும் விழுந்தது, கயிற்றின் காதிலும் விழுந்தது. எப்படி மெதுவாக நிறுத்துவது என்று யாரும் சொல்லாததால் அதுவரைக்கும் அவற்றுக்குத் தெரியாமல் இருந்தது, அன்றிலிருந்து தெரிந்துகொண்டன. அதனால்தான் இப்போது எந்தத் தாய் எந்த ஏணையை ஆட்டிவிட்டாலும், காற்று கொஞ்சம் தடுக்கிறது, கயிறு கொஞ்சம் உரசுகிறது, பிள்ளை தூங்குகிற வரைக்கும் ஆடிவிட்டு, மெதுவாக, யாரையும் பயமுறுத்தாமல் நிற்கிறது. சூளைக்காரர்கள் சொல்கிறது இதுதான். டீச்சரும் நோட்டில் எழுதிக்கொண்டாள், ஆனால் பரீட்சையில் இதை எழுதாதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்தாள்.

மத்தியானம் லாரி வந்தது. கன்னியம்மா குழவியை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். ஏகாம்பரம் கிளையிலிருந்து சேலையை அவிழ்த்து, உதறி, மடித்துக் கொடுத்தான், அமுலு அதை விரித்து லாரித் தட்டில் போட்டு உட்கார்ந்தாள். லாரி கிளம்பினபோது எல்லாரும் பின்னால் சாய்ந்தார்கள், ரயில்வே கேட்டில் நின்றபோது எல்லாரும் முன்னால் சாய்ந்தார்கள், "எல்லாம் அந்த ஏணை கத்துக்குடுத்ததுதான்" என்று கன்னியம்மா சொல்ல, மூட்டைகளுக்கு நடுவில் எல்லாரும் சிரித்தார்கள். அமுலுவும் சிரித்தாள், கொஞ்சம் சத்தமாகவே.

அவள் மடியில் பிள்ளை தூங்கியது. ஏணை நின்ற பிறகு அது தூங்கின முதல் தூக்கம். ஆட்டத்தில் இருந்தவரைக்கும் அதற்குக் கனமே தெரிந்ததில்லை, இப்போது மண் கீழேயிருந்து இழுக்க இழுக்க, பிள்ளை அவள் தொடைமேல் கல் மாதிரி கனத்துக்கொண்டே வந்தது. பூந்தமல்லி தாண்டுவதற்குள் கால் மரத்துப்போயிற்று. மாத்திப் போட்டுக்கோயேன் என்றான் ஏகாம்பரம்.

"வேணாம் மாமா" என்றாள். "இருக்கட்டும்."